உங்கள் பழைய ஜி7எக்ஸ் போதும், மீனுக்குக் கிட்டப் போங்கள்

கேள்வி இதுதான்: கேனன் ஜி7எக்ஸ் மார்க் 2 கைவசம் இருக்கிறது. ஜனவரியில் அந்தமான் ஹாவ்லாக்கில் ஓப்பன் வாட்டர் என்ற ஆரம்ப ஸ்கூபா கோர்ஸ் முடித்துவிட்டு, அங்கேயே இன்னும் சில நாள் தங்கி டைவ் போகத் திட்டம். இந்தக் கேமராவுக்கு ஹவுசிங் (தண்ணீர் புகாத கெட்டிக் கூடு) வாங்குவதா, இல்லை தண்ணீருக்கென்றே வருகிற ஒலிம்பஸ் டிஜி வகைக் கேமராவுக்கு மாறுவதா? நண்பர்கள் எடுத்து வந்த படமெல்லாம் ஒரே நீலமாக இருக்கிறதே, தனி ஃப்ளாஷ் வாங்கினால் அது சரியாகுமா? உள்ளே தண்ணீர் போய்விட்டால் என்ன செய்வது?

நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். கேமராவை மாற்ற வேண்டாம். ஹவுசிங் வாங்குங்கள். தனி ஃப்ளாஷை இந்தப் பயணத்துக்கு மறந்துவிடுங்கள். ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவு நீளம்.

முதலில் அந்த நீலம். கடலுக்குள் படம் கெட்டுப்போவதற்குப் பெரும்பாலும் கேமரா காரணமில்லை, உங்களுக்கும் மீனுக்கும் நடுவில் நிற்கிற தண்ணீர்தான் காரணம். வெளிச்சத்தில் இருக்கும் நிறங்களைத் தண்ணீர் ஒரே அளவில் விழுங்குவதில்லை. சிவப்புதான் முதல் பலி. ஐந்தாறு மீட்டர் ஆழத்துக்குள்ளேயே அதில் பெரும்பகுதி போய்விடும். அடுத்து ஆரஞ்சு, அப்புறம் மஞ்சள். 20 மீட்டர் தாண்டினால் பச்சையும் நீலமும்தான் மிச்சம். கீழே கையில் கீறல் பட்டால் ரத்தம் பச்சை கலந்த கறுப்பாகத் தெரிவதும் இதனால்தான்.

இதில் பலருக்கும் பிடிபடாத விஷயம் ஒன்று உண்டு. கணக்கில் வருவது ஆழம் மட்டுமல்ல, வெளிச்சம் தண்ணீருக்குள் கடந்து வந்த மொத்தத் தூரம். 10 மீட்டர் ஆழத்தில் ஒரு கோமாளி மீன் உங்களிடமிருந்து 3 மீட்டர் தள்ளி இருக்கிறது என்று வையுங்கள். சூரிய வெளிச்சம் மேலிருந்து 10 மீட்டர் இறங்கி, மீனில் பட்டு, இன்னும் 3 மீட்டர் வந்து லென்ஸைச் சேர்கிறது. மொத்தம் 13 மீட்டர் தண்ணீர். சரி, ஃப்ளாஷ் போடுகிறீர்கள். அந்த வெளிச்சம் 3 மீட்டர் போய் 3 மீட்டர் திரும்பி வரவேண்டும். 6 மீட்டரில் அதன் சிவப்பும் காலி. போதாததற்கு, கேமராவோடு வரும் குட்டி ஃப்ளாஷுக்கு அவ்வளவு தூரம் எட்டவும் தெம்பு கிடையாது. அதே மீனை 40 சென்டிமீட்டரில் நெருங்கி எடுத்துப் பாருங்கள். ஃப்ளாஷ் வெளிச்சம் போகவர 80 சென்டிமீட்டர்தான். மீனின் ஆரஞ்சு அப்படியே வந்து நிற்கும். கேமராவும் ஃப்ளாஷும் மீனும் மாறவில்லை, நடுவிலிருந்த தண்ணீர் மட்டும்தான் குறைந்தது.

கூர்மைக்கும் இதே கதைதான். ஹாவ்லாக் தண்ணீர் கண்ணுக்குக் கண்ணாடி மாதிரி தெரிந்தாலும் அதில் மணலும் பிளாங்க்டனும் மிதந்துகொண்டே இருக்கும். இரண்டு மீட்டருக்கு அப்பால் இருப்பதை எடுத்தால் படத்தின் மேல் ஒரு மங்கல் படிந்துவிடும், அதை எந்த மென்பொருளும் முழுசாகத் துடைக்காது. அதனால் ஒரு அளவு வைத்துக்கொள்ளுங்கள்: கை நீட்டினால் தொட்டுவிடலாம் என்கிற தூரத்தில் இருப்பதை மட்டும் எடுப்பது. அதற்கு அப்பால் இருப்பதைக் கண்ணால் ரசித்துவிட்டு விட்டுவிடுங்கள். ஜூம் போட்டுக் கிட்டே இழுப்பதில் பிரயோஜனமில்லை. நடுவிலிருக்கும் தண்ணீரும் சேர்ந்துதான் பெரிதாகும்.

இதிலும் தண்ணீர் ஒரு ஏமாற்று வேலை செய்கிறது. டைவ் முகமூடியின் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பார்ப்பதால் எல்லாம் இருக்கும் தூரத்தில் முக்கால்வாசியில் இருப்பதாகத் தெரியும். 60 சென்டிமீட்டர் என்று நீங்கள் நினைப்பது உண்மையில் 80. ஆகவே, போதும் என்று தோன்றிய இடத்திலிருந்து இன்னும் ஒரு சாண் நெருங்க வேண்டும். லென்ஸுக்கும் இதே பாதிப்பு உண்டு. தட்டைக் கண்ணாடிக்குப் பின்னால் உட்காரும் 24 மிமீ லென்ஸ் தண்ணீருக்குள் கிட்டத்தட்ட 32 மிமீ லென்ஸாகிவிடுகிறது. தரையில் கிடைத்த அகலம் கீழே கிடைக்காது.

இப்போது கேமரா. ஜி7எக்ஸ் மார்க் 2 வந்தது 2016இல். அதில் இருக்கும் ஒரு இன்ச் சென்சார், எஃப்1.8 லென்ஸ், முழு மேனுவல் மோட், ரா ஃபைல் (சென்சார் பதிந்ததை அப்படியே சேமிக்கும் கோப்பு) ஆகிய நான்கும் இன்றைக்கும் கடலுக்குள் தாராளம். ஒலிம்பஸ் டிஜி-6 (2019), அதன் அடுத்த வாரிசாக ஓஎம் சிஸ்டம் பெயரில் 2023இல் வந்த டிஜி-7 இரண்டுமே நல்ல கேமராக்கள்தான், குறை சொல்ல மாட்டேன். ஹவுசிங் இல்லாமலேயே 15 மீட்டர் வரை தாங்கும். லென்ஸுக்கு ஒரு சென்டிமீட்டர் முன்னால் இருக்கும் பொருளைக்கூட ஃபோகஸ் செய்யும். நுடிபிராங்க் என்ற நகத்தளவு ஓடில்லாத கடல் நத்தையை எடுப்பதில் அதை மிஞ்ச இந்த விலையில் ஆள் இல்லை. ஆனால் சென்சார் சின்னது, மங்கலான வெளிச்சத்தில் படம் சீக்கிரம் புள்ளி தட்டும். ஷட்டர் ஸ்பீடை நீங்களே முடிவு செய்யும் மேனுவல் மோடும் கிடையாது. கையில் எந்தக் கேமராவும் இல்லாத ஒருவர் கேட்டிருந்தால் டிஜி-7ஐத்தான் சொல்லியிருப்பேன். அதிலும் ஹவுசிங்கோடு சேர்த்து வாங்கச் சொல்வேன். 45 மீட்டர் தாங்கும் அதன் பிடி-059 ஹவுசிங்குக்குள் கொஞ்சம் தண்ணீர் புகுந்தாலும் உள்ளே இருக்கும் கேமராவே தண்ணீர் தாங்குவது என்பதால் பிழைத்துக்கொள்ளும். உங்கள் கேனனுக்கு அந்த இரண்டாவது கவசம் இல்லை. அதனால்தான் ஹவுசிங் பராமரிப்பைப் பற்றிக் கீழே விலாவாரியாக எழுதப்போகிறேன்.

ஜி7எக்ஸ் மார்க் 2க்கு கேனன் செய்த ஹவுசிங்கின் பெயர் டபிள்யூபி-டிசி55. 40 மீட்டர் வரைக்கும் போகலாம். ஃபேண்டசி என்ற கம்பெனியின் ஹவுசிங் 60 மீட்டர் வரை. மாடல் பழசு என்பதால் புதிதாகக் கிடைக்காமல் செகண்ட் ஹேண்டில்தான் மாட்டலாம். மார்க் 3க்குச் செய்தது மார்க் 2க்குப் பொருந்தாது, ஒவ்வொரு பட்டனும் இருக்கும் இடத்துக்கு நேராகத் துளையிட்டுச் செய்வது இது. ‘எல்லாக் கேமராவுக்கும் பொருந்தும்’ என்று விற்கும் பிளாஸ்டிக் ஜிப் பை பக்கமே போகாதீர்கள். ஸ்நார்க்கல் செய்யும்போது போனை வைக்க அது சரிப்படலாம். ஸ்கூபாவில் ஆழம் கூடக் கூடப் பை சுருங்கிக் கேமராவோடு ஒட்டிக்கொள்ளும், வெளியே நீளும் லென்ஸ் அதில் முட்டிச் சிக்கிக்கொள்ளும்.

ஓப்பன் வாட்டர் முடித்தவருக்கு அனுமதி 18 மீட்டர் வரை, அட்வான்ஸ்டு முடித்தால் 30. ஆகவே 40 மீட்டர் ஹவுசிங் தாராளம். அந்த எண்ணைத் தாண்டினால் உடனே வெடித்துவிடாது. முதலில் அழுத்தம் தாங்காமல் பட்டன்கள் தாமாகவே உள்ளே அமுங்கி நின்றுவிடும். அப்புறம் உடம்பே வளைய ஆரம்பிக்கும். மட்டக்களப்புக்கு அருகே 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த எச்எம்எஸ் ஹெர்மிஸ் கப்பல் 50 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. அதைப் படமெடுக்கிற ஆசை எப்போதாவது வந்தால், பயிற்சியோடு ஹவுசிங்கும் வேறாகத்தான் இருக்கவேண்டும்.

தண்ணீர் புகும் பயத்துக்கு வருவோம். 18 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப் போல 2.8 மடங்கு. அங்கேதான் உடையும் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். நடப்பது நேர்மாறு. ஆழத்தில் தண்ணீரே மூடியை ஓ-ரிங் (மூடி விளிம்பில் தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் வளையம்) மேல் இறுக்கி அழுத்திக்கொண்டிருக்கும். பெரும்பாலான கசிவு முதல் ஒன்றிரண்டு மீட்டரிலேயே நடக்கும், அழுத்தம் போதாத இடத்தில். படகிலிருந்து குதிக்கும்போது, படகின் வாளியில் மிதக்கும்போது, ஏணியில் இடிபடும்போது. அதற்குக் காரணமும் பெரிதாக எதுவும் இருக்காது. ஓ-ரிங்கில் ஒரு தலைமுடி, ஒரு மணல், துண்டிலிருந்து உதிர்ந்த ஒரு நூல். அவ்வளவே.

ஆகவே முந்தைய நாள் ராத்திரி, அவசரமில்லாத நேரத்தில், நல்ல விளக்குக்குக் கீழே உட்கார்ந்து இதைச் செய்யுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துக்கொள்ளுங்கள். ஓ-ரிங்கை எடுக்க ஊசி, கத்தி முனை, நகம் எதுவும் வேண்டாம். பழைய ஏடிஎம் கார்டின் மூலையால் பள்ளத்தின் ஓரமாகத் தள்ளினால் ஒரு பக்கம் வளைந்து மேலே வரும், அதைப் பிடித்து மெதுவாக உருவுங்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து முழு வட்டமும் ஓட்டிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத மணல் விரலுக்குத் தெரியும். வெட்டு, வெடிப்பு, தட்டையாகிப்போன இடம் இருந்தால் அந்த ஓ-ரிங் குப்பைக்கு. பள்ளத்தையும், மூடியில் அது வந்து உட்காரும் பரப்பையும் நூல் உதிராத துணியால் துடையுங்கள். பஞ்சு வைத்த காது குச்சி வேண்டாம், அது சுத்தம் செய்துவிட்டு ஒரு இழையை விட்டுவிட்டுப் போகும்.

அப்புறம் கிரீஸ். ஹவுசிங்கோடு வந்த அதே கிரீஸ்தான், அரிசி மணி அளவு, விரலில் எடுத்து வட்டம் முழுக்கத் தடவி இழுக்கவேண்டும். ஓ-ரிங் பளபளக்க வேண்டும், எங்கேயும் கட்டியாக நிற்கக் கூடாது. தண்ணீரை நிறுத்துவது கிரீஸ் இல்லை, ரப்பர். ரப்பர் தன் இடத்தில் வழுக்கி உட்கார மட்டுமே கிரீஸ். நிறையத் தடவினால் நிறையப் பாதுகாப்பு என்று நினைத்து அப்பினால், நிறைய மணல்தான் ஒட்டும். சில கம்பெனிகளின் ஓ-ரிங் சிலிக்கான் ரப்பரில் செய்தது, வேறு கம்பெனியின் சிலிக்கான் கிரீஸ் பட்டால் அது உப்பிவிடும். கிரீஸைக் கடன் வாங்காதீர்கள் என்பது இதனால்தான். வாஸ்லினும் தேங்காய் எண்ணெயும் கூடவே கூடாது.

மூடுவதை ஏசி அறைக்குள் செய்யுங்கள். இது கசிவுக்காக இல்லை, பனி மூட்டத்துக்காக. அந்தமான் காற்றில் ஈரம் அதிகம். அந்தக் காற்றை உள்ளே வைத்து மூடினால், படகில் வெயிலில் கேமரா சூடாகி, தண்ணீரில் இறங்கியதும் முன் கண்ணாடி குளிர்ந்து, அதன் உள்பக்கம் பனி படர்ந்துவிடும். அதைக் கீழே எப்படியும் துடைக்க முடியாது, அந்த டைவ் போச்சு. காய்ந்த சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றோ இரண்டோ ஓ-ரிங்கில் படாதபடி உள்ளே செருகுங்கள். படகில் ஹவுசிங்கை நிழலில், ஈரத் துண்டு போர்த்தி வையுங்கள். மூடுமுன் ஒருமுறை பாருங்கள்: பேட்டரி நிறைந்திருக்கிறதா, கார்டு உள்ளே இருக்கிறதா, லென்ஸில் விரல் ரேகை இல்லையே, ஃப்ளாஷ் எழும்பி நிற்கிறதா. சில ஹவுசிங்கில் மூடியபின் ஃப்ளாஷை எழுப்ப முடியாது.

படகில் இரண்டு டைவுக்கு நடுவே ஹவுசிங்கைத் திறக்க வேண்டாம். ஒருவர் முதல் டைவ் படங்களைப் பார்க்கிற ஆர்வத்தில் தலை துவட்டாமலே திறப்பார், தாடியிலிருந்து சொட்டுகிற உப்புத் தண்ணீர் நேராகப் பேட்டரிக் கதவில் விழும். கடலால் செத்த கேமராவை விட இப்படிச் செத்த கேமராக்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். மார்க் 2 ஒரு சார்ஜில் சுமார் 265 படம் எடுக்கும் என்பது கம்பெனிக் கணக்கு. திரையின் வெளிச்சத்தைக் குறைத்து, மீன் இல்லாத நேரம் அணைத்து வைத்தால் இரண்டு டைவுக்கு ஓட்டிவிடலாம்.

தண்ணீரில் இறங்கும்போது கேமராவோடு குதிக்காதீர்கள். நீங்கள் முதலில் இறங்கி, படகிலிருக்கும் தம்பியிடம் கையில் கொடுக்கச் சொல்லுங்கள், அவர்களுக்கு இது பழக்கமான வேலை. வாங்கியதும் ஒரு மீட்டரில் நிறுத்தி ஹவுசிங்கைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். பட்டன் இடுக்கிலிருந்து நாலைந்து குமிழி வந்து நின்றுவிடும், அது சாதாரணம். ஒரே இடத்திலிருந்து வரிசையாக வந்துகொண்டே இருந்தால் உடனே மேலே கொடுத்துவிடுங்கள். பாலிகார்பனேட் ஹவுசிங்குகள் பெரும்பாலும் மிதக்கும் என்பதால் மணிக்கட்டில் கயிறு கட்டாயம்.

ஆழத்தில் இருக்கும்போது உள்ளே தண்ணீர் தெரிந்தால்? லென்ஸ் பக்கம் கீழே பார்க்கிற மாதிரி பிடியுங்கள், தண்ணீர் முன் கண்ணாடிக்குள் தேங்கிப் பேட்டரிப் பக்கம் போகாமல் கொஞ்சம் தாமதமாகும். அதன்பின் வழக்கமான வேகத்தில், 5 மீட்டரில் 3 நிமிட நிறுத்தத்தோடு மேலே வாருங்கள். கேமராவைக் காப்பாற்ற வேகமாக மேலே போனால் கெடுவது உங்கள் நுரையீரல். படகில் ஏறியதும் பேட்டரியையும் கார்டையும் கழற்றுங்கள், ஆன் செய்து பார்க்கக் கூடாது. உப்புத் தண்ணீர் பட்டது மறுபடி எழுந்து வருவது அபூர்வம். நல்ல தண்ணீரில் அலசி உலர்த்தி சர்வீசுக்குக் கொடுக்கலாம். அரிசி டப்பாவில் புதைப்பதெல்லாம் மனசமாதானத்துக்கு.

டைவ் முடிந்தபின் பராமரிப்பு சுலபம். மூடியபடியே நல்ல தண்ணீரில் அரைமணி ஊறவிட்டு, ஒவ்வொரு பட்டனையும் பலமுறை அமுக்கி உள்ளிருக்கும் உப்பை வெளியேற்றுங்கள். டைவ் சென்டரின் பொதுத் தொட்டியில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள், இன்னொருவரின் கனமான அலுமினிய ஹவுசிங் வந்து மேலே விழும். வெயிலில் காயவைக்க வேண்டாம். சன்ஸ்கிரீனும் கொசு விரட்டும் களிம்பும் பட்ட கையால் தொடாதீர்கள், இரண்டும் பிளாஸ்டிக்கைக் கெடுக்கும். விமானத்தில் வரும்போது ஓ-ரிங்கைக் கழற்றி வையுங்கள், இல்லையென்றால் காற்றழுத்த வித்தியாசத்தில் மூடி ஒட்டிக்கொண்டு திறக்க மறுக்கும். உதிரி லித்தியம் பேட்டரி கைப்பையில்தான் வரவேண்டும், செக்-இன் பெட்டியில் கூடாது.

இனி படம் எடுப்பது. கோர்ஸ் நடக்கும் நாட்களில் கேமராவை அறையிலேயே விட்டுவிடுங்கள், எப்படியும் இன்ஸ்ட்ரக்டர் அனுமதிக்க மாட்டார். அதற்குப் பிறகும், ஒரே இடத்தில் ஒரு நிமிடம் கை கால் ஆட்டாமல் மிதந்து நிற்க வரும்வரை கையில் கேமரா வேண்டாம் என்பேன். பாயன்சி, அதாவது இந்த மிதவைக் கட்டுப்பாடு, வராதவர் கையில் கேமரா கொடுத்தால் கண் திரையில் இருக்கும், காலில் மாட்டிய துடுப்பு பவளத்தில் இருக்கும். பவளமும் கடல் குதிரையும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை, புலிக்கு இருக்கிற அதே அட்டவணை. பிடித்து நிற்பதற்கும் தள்ளி வைத்துப் படமெடுப்பதற்கும் அவை இல்லை. ‘நல்ல போஸுக்காக’ பேத்தை மீனை உப்ப வைக்கிற கைடு கிடைத்தால் வேண்டாம் என்று சைகை காட்டிவிடுங்கள்.

செட்டிங் பற்றி அதிகம் குழப்பிக்கொள்ள வேண்டாம். இரண்டே வகை. ஒன்று, கிட்டத்தில் இருக்கும் சின்ன உயிர், ஃப்ளாஷோடு: மேனுவல் மோட், எஃப்8, 1/200, ஐஎஸ்ஓ 125. கூடவே ஹவுசிங்கோடு வரும், ஃப்ளாஷ் வெளிச்சத்தைப் பரப்பும் வெள்ளை டிஃப்யூசர் தகட்டை மாட்ட மறக்காதீர்கள். இல்லாவிட்டால் நீண்ட முன் கண்ணாடிக் குழாயின் நிழல் படத்தின் மூலையில் விழும். இரண்டு, பாறை, மீன் கூட்டம், கூட வந்தவர் என்று அகலமான காட்சி: ஃப்ளாஷை அணைத்துவிட்டு, எஃப்4, 1/125, ஐஎஸ்ஓவை 800 வரை தானாக விடுங்கள். இதில் ஃப்ளாஷ் போட்டால் மீனுக்கு எட்டாது, நடுவில் மிதக்கும் துகள்களுக்கு மட்டும் எட்டும். படம் முழுக்க வெள்ளைப் புள்ளி விழும். லென்ஸுக்குப் பக்கத்திலேயே ஃப்ளாஷ் இருப்பதால் துகளில் பட்ட வெளிச்சம் நேராகத் திரும்பி வருகிறது. பேக்ஸ்கேட்டர் என்று டைவர்கள் திட்டுவது இதைத்தான்.

இரண்டாவது வகைக்கு நிறம் வேண்டுமானால் கஸ்டம் வைட் பேலன்ஸ் போடப் பழகுங்கள். டைவ் மாஸ்டர் எழுதிக்காட்டும் வெள்ளை ஸ்லேட் இருக்கிறதே, அதையோ, வெயில் படுகிற வெண்மணலையோ திரை நிறைய வைத்து அளவெடுத்தால், இதுதான் வெள்ளை என்று கேமரா புரிந்துகொள்ளும். ஆழம் நாலைந்து மீட்டர் மாறினால் மறுபடி எடுக்கவேண்டும். 12 மீட்டருக்குள், சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும்போது பிரமாதமாக வேலை செய்யும். அதற்குக் கீழே திரும்பக் கொண்டுவருவதற்கு அங்கே சிவப்பே இருக்காது. சிவப்பு ஃபில்டர் வேண்டுமா என்றால், உங்களுக்கு வேண்டாம். அது சிவப்பைச் சேர்ப்பதில்லை, மற்ற நிறங்களைக் குறைக்கிறது, கூடவே வெளிச்சத்தையும் சாப்பிடுகிறது. எதுவானாலும் ரா ஃபைலில் எடுங்கள். ஜேபெக்கில் தூக்கி எறியப்பட்ட நிறத்தில் கொஞ்சமாவது ராவில் மிச்சம் இருக்கும், போனில் லைட்ரூம் செயலியை வைத்தே மஞ்சள், சிவப்புப் பக்கம் இழுத்துச் சரிசெய்துகொள்ளலாம்.

கோணத்துக்கு ஒன்றே ஒன்று சொல்கிறேன். மேலே மிதந்தபடி கீழே நோக்கி எடுக்காதீர்கள். புதிதாக எடுப்பவர்களின் படங்களில் பாதி, பழுப்புப் பாறையின் மேல் ஒரு மீனின் முதுகு. மீனின் கண் மட்டத்துக்கு இறங்குங்கள், முடிந்தால் இன்னும் கீழே. கேமராவைக் கொஞ்சம் மேல் நோக்கித் திருப்புங்கள். பின்னால் நீலம் வந்துவிடும், மீன் தனியாகப் பிரிந்து தெரியும். துரத்தவும் வேண்டாம். துரத்தினால் கிடைப்பது வால். களவாவோ அஞ்சாளையோ பொந்துவாசலில் இருந்தால் இரண்டு மீட்டரில் நின்று, மூச்சைச் சீராக விட்டு, அது உங்களைப் பொருட்படுத்தாத நேரம் அரை அரை அடியாக நகருங்கள். ஷட்டரைப் பாதி அமுக்கி முன்கூட்டியே கண்ணில் ஃபோகஸ் பிடித்து வைத்துக்கொண்டால், வாய் திறக்கும் நொடியில் மீதிப் பாதி. கரைக்குப் பக்கத்திலிருக்கும் ஆழம் குறைந்த நீமோ ரீஃப் இதைப் பழகத் தோதான இடம். கடல் சாமந்திகளை விட்டு நகராத கோமாளி மீன்கள் அங்கே உண்டு, ஆகவே காத்திருக்கிற பொறுமை மட்டும் போதும்.

மார்க் 2இல் ஒரு குறை உங்களைச் சீக்கிரமே உறுத்தும். சின்ன உயிரைப் பெரிதாக எடுக்க முடியாது. வைடில் 5 சென்டிமீட்டர் வரை ஃபோகஸ் ஆகும், ஆனால் அதில் பாதியை ஹவுசிங்கின் குழாயே தின்றுவிடும், உயிரின் மேல் உங்கள் நிழலும் விழும். ஜூம் போட்டால் 40 சென்டிமீட்டர் தள்ளி நிற்கச் சொல்லும். இதற்குத் தீர்வு வெட் லென்ஸ். ஹவுசிங்கின் முன்னால், தண்ணீருக்குள்ளேயே மாட்டிக் கழற்றுகிற லென்ஸ். ஐனான் யூசிஎல்-165 மாதிரி ஒன்று இருந்தால் ஜூம் முனையிலேயே நெருங்கலாம். உங்கள் ஹவுசிங்கின் முன்பக்கத்தில் 67 மிமீ மரை இருக்கிறதா, இல்லை அடாப்டர் வேண்டுமா என்று வாங்குமுன் பாருங்கள். மாட்டியதும் கொஞ்சம் தளர்த்தி, இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் மாட்டிய காற்றுக்குமிழியை வெளியேற்றிவிட்டு இறுக்குங்கள். வைட் ஆங்கிள் வெட் லென்ஸும் உண்டு. அதன் வேலை கூட்டத்தைப் பெரிதாகக் காட்டுவதல்ல, ஆமையை அரை மீட்டரில் நெருங்கியும் முழு ஆமையையும் சட்டகத்துக்குள் அடக்குவது. விலை அதிகம், அடுத்த வருஷத்துக்கு வையுங்கள்.

தனி ஃப்ளாஷ், டைவர்கள் ஸ்ட்ரோப் என்பது, அதற்கும் அடுத்து. கேமராவிலிருந்து தள்ளி, பக்கவாட்டில் நீட்டிய கையில் உட்காருவதால் துகளில் பட்ட வெளிச்சம் லென்ஸுக்குள் திரும்பாது, பலமும் அதிகம். கேமராவின் குட்டி ஃப்ளாஷ் வெளிச்சத்தை ஒரு ஃபைபர் கம்பி வழியே பார்த்து அது எரியும், ஹவுசிங்கில் ஓட்டை போட வேண்டியதில்லை. ஆனால் ஸ்ட்ரோப், கை, தட்டு எல்லாம் சேர்ந்தால் கையில் ஒரு சுமை. பாயன்சி இன்னும் பழகாத முதல் பயணத்தில் அதையும் சுமந்தால் டைவும் போகும், படமும் போகும். வீடியோ டார்ச் வாங்கலாமா என்றும் பலர் கேட்பார்கள். பட்டப்பகலில் 5 மீட்டரில் அது எரிவதே தெரியாது. ராத்திரி டைவுக்கும் பொந்துக்குள் பார்ப்பதற்கும் சரி.

செகண்ட் ஹேண்டில் ஹவுசிங் கிடைத்தால் மூன்று விஷயம் பாருங்கள். முன் கண்ணாடியில் கீறல், பூட்டுக் கொக்கியில் தளர்ச்சி, ஒவ்வொரு பட்டனும் அமுக்கி விட்டதும் சட்டென்று திரும்பி வருகிறதா என்பது. ஓ-ரிங் எப்படி இருந்தாலும் புதிது போடுங்கள். பட்டன்களுக்கு உள்ளே இருக்கும் குட்டி ஓ-ரிங்குகளை நாம் மாற்ற முடியாது, அவை உப்பில் இறுகியிருந்தால் பட்டன் திரும்புவதிலேயே தெரிந்துவிடும். பிறகு உள்ளே கேமரா இல்லாமல், காய்ந்த டிஷ்யூ பேப்பரை மட்டும் அடைத்து மூடி, வாளித் தண்ணீரில் ஒரு கல்லைக் கட்டி ராத்திரி முழுக்க மூழ்க வையுங்கள், எல்லாப் பட்டனையும் அவ்வப்போது அமுக்கியபடி. காலையில் டிஷ்யூவில் ஒரு சொட்டு ஈரம் இருக்கக் கூடாது. ஹாவ்லாக்கில் முதல் டைவுக்கும் இதே டிஷ்யூவோடு, கேமரா இல்லாமல் எடுத்துப்போங்கள், வாளியில் அழுத்தம் கிடையாது. வாளிச் சோதனையைக் கிளம்புவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே வீட்டில் முடித்துவிடுங்கள். உங்கள் மாடலுக்கான ஓ-ரிங் தீவில் கிடைக்கும் என்று நம்பிப் போகமுடியாது, தபாலில் வந்து சேரவும் நேரம் வேண்டுமே.